படிவத்தில் தெரியும் வடிவமைப்பு

ஒரு வெப்சைட் எவ்வளவு நல்லது என்று பார்க்க, முகப்புப் பக்கத்தை விட்டுவிட்டு நேரே விண்ணப்பப் படிவத்துக்குப் போங்கள். முகப்பை நாம் பார்த்தால் போதும். படிவத்தில்தான் உட்கார்ந்து வேலை பார்க்கிறோம்.

பிரிட்டன் அரசின் கவ்.யூகே தளம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் என்ற இரண்டு பழைய தளங்களுக்குப் பதிலாக 2012 அக்டோபர் 17 அன்று வந்தது. அடுத்த வருடமே லண்டன் டிசைன் மியூசியத்தின் ஆண்டின் சிறந்த வடிவமைப்பு விருதை வாங்கியது. திறந்து பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துதான். இதற்கா விருது என்று தோன்றும்.

இனி படிவத்துக்கு வருவோம். பிறந்த தேதியைக் கேட்கும் இடத்தைப் பாருங்கள். சில தளங்களில் ஒரு காலண்டர் திறந்து நடப்பு மாதத்தில் நிற்கும். 1956ல் பிறந்தவர் அங்கிருந்து மாதம் மாதமாகப் பின்னால் போக வேண்டும். கவ்.யூகேயில் நாள், மாதம், வருடம் என்று மூன்று வெறும் பெட்டிகள், தட்டிவிட்டு நகரலாம். பிறந்த தேதி மனப்பாடமாகத் தெரிந்த விஷயம், அதை ஏன் தேட வைக்க வேண்டும்? அடுத்த வாரம் எந்தக் கிழமை டாக்டரைப் பார்ப்பது என்று யோசிப்பவருக்குத்தான் காலண்டர் உதவும்.

பெயர்ப் பெட்டி நம்மை நேராகவே பாதிக்கிறது. முதல் பெயர், குடும்பப் பெயர் இரண்டும் கட்டாயம் என்பார்கள். இனிஷியல் போட்டு எழுதும் தமிழர் குடும்பப் பெயருக்கு எங்கே போவார்? ஒருவர் அப்பா பெயரை எழுதுவார், இன்னொருவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுவார். பிறகு பாஸ்போர்ட்டில் ஒன்று, டிக்கெட்டில் ஒன்று என்று கவுன்டரில் நின்று விளக்குவது அவர்தான். கவ்.யூகேயின் வடிவமைப்பு வழிகாட்டி, முடிந்தவரை ‘முழுப் பெயர்’ என்று ஒரே பெட்டி வைக்கச் சொல்கிறது. உலகத்தில் எத்தனை விதமாகப் பெயர் வைக்கிறார்கள் என்பதை மதிக்கும் முடிவு இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான்.

போன் நம்பரில் இடைவெளி விட்டால் ஏற்காத தளங்கள் இருக்கின்றன. அந்த இடைவெளியை நீக்க புரோகிராமில் ஒரு வரி போதும். அதை எழுதாமல் விட்டுவிட்டு, ‘தவறான உள்ளீடு’ என்று சிவப்பில் காட்டுவது நியாயமில்லை. தவறு நிஜமாகவே இருந்தால், ‘பிறந்த வருடத்தையும் எழுதுங்கள்’ என்று அந்தப் பெட்டியின் பக்கத்திலேயே சொல்லலாம். அதுவரை நிரப்பியதை அழித்துவிடவும் கூடாது.

கேள்வி, பெட்டிக்கு மேலே இருக்கட்டும். உள்ளே மங்கலாகப் போட்டால் தட்டத் தொடங்கியதும் மறைந்துவிடும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு வேண்டும் என்பது சர்வதேச அணுகல் விதி; வெளிர்சாம்பல் எழுத்து அதில் தேறாது.

உங்கள் தளத்தின் படிவத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு கேள்வியின் பதிலையும் ஆபீசில் யார் பயன்படுத்துகிறார்கள் என்று விசாரியுங்கள். யாரும் இல்லையென்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடுங்கள். மிஞ்சியதை, கம்ப்யூட்டர் வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் போனில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பேசாமல் உட்காருங்கள். விரல் எங்கே தயங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். திருத்த வேண்டிய இடம் அது.