வானில் ஒலிக்கும் சொல்

ஐதராபாத்து நகருக்குத் தெற்கே, ஏறத்தாழ 24 கிலோமீட்டர் தொலைவில், ஷம்ஷாபாத்தில் இராஜீவ் காந்தி பன்னாட்டு விமான நிலையம் அமைந்துள்ளது. 2008ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் இந்நிலையம் திறக்கப்பட்டது. அதற்கு முன் நகரின் நடுவிலுள்ள பேகம்பேட்டை நிலையமே பயணிகளுக்கு வாயிலாக விளங்கியது. விடுமுறையில் சென்னைக்கும் மதுரைக்கும் செல்லும் தமிழ்க் குடும்பங்கள் பல இவ்விரு நிலையங்களையும் நன்கு அறிந்தவை.

தரையில் நிற்போர்க்கு மேலே செல்லும் விமானத்தின் இரைச்சல் மட்டுமே கேட்கும். ஆயினும் அவ்விமானத்தின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத அலைகளின் வழியே, ஓர் உரையாடல் இடையறாது நடைபெறுகிறது. விமானி கேட்கிறார், கட்டுப்பாட்டாளர் விடையளிக்கிறார், விமானி அதனைத் திருப்பிச் சொல்கிறார். இப்பேச்சிற்கென்று தனி ஒழுங்கு உண்டு. அவ்வொழுங்கு எவ்வாறு அமைந்தது, ஏன் அமைந்தது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

காதும் வாயும்

பயணியர் விமானத்தை இரு விமானிகள் செலுத்துவர். ஒருவர் விமானத்தை இயக்கும்போது மற்றவர் கருவிகளைக் கண்காணித்து, கட்டுப்பாட்டு அறையுடன் பேசுவார். பேசுபவர் ஒருவரே எனினும் கேட்பவர் இருவர். ஒருவர் செவி தவறவிட்டதை மற்றவர் செவி பிடித்துக்கொள்ளும்.

இதற்குத் துணையாவது ஹெட்செட் என்னும் கருவி. அதில் காதுகளுக்கான ஒலிபெருக்கிகளும், வாயின் முன் வளைந்து நிற்கும் ஒரு சிறு ஒலிவாங்கியும் உள்ளன. ஒலிவாங்கியை உதட்டுக்கு மிக அருகில் வைத்துக்கொள்வதே முறை. தொலைவில் வைத்தால் குரல் மெலிந்து, இயந்திர இரைச்சல் மேலோங்கிவிடும். விமானம் புறப்பட்டு மேலேறும்போதும், இறங்கும்போதும் விமானிகள் இவ்வொலிவாங்கி வழியாகவே பேசவேண்டும் என்பது பன்னாட்டு விதி. அவ்வேளைகளில் கைகள் இரண்டும் விமானத்தை இயக்குவதற்குத் தேவைப்படும். கையில் பிடித்துப் பேசும் ஒலிவாங்கி அப்போது இடையூறாகும்.

இரைச்சலைக் குறைக்கும் நுட்பம் ஒன்றும் ஹெட்செட்டில் உண்டு. காதுறையின் உட்புறமுள்ள நுண்ணிய ஒலிவாங்கி, உள்ளே புகும் இரைச்சலை அளக்கிறது. உடனே அதற்கு நேர் எதிரான ஓர் ஒலியலை உண்டாக்கப்படுகிறது. மேடும் பள்ளமும் சேர்ந்தால் சமதளம் ஆவதுபோல, இரண்டு அலைகளும் சேர்ந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. விமானிகளுக்கான இத்தகைய ஹெட்செட்டை உருவாக்கியவர்களுள் முன்னோடி அமர் போஸ் என்னும் பொறியாளர். வங்காளத்திலிருந்து அமெரிக்காவிற்குப் புலம்பெயர்ந்த ஒருவரின் மகன் அவர். 1978ஆம் ஆண்டு விமானப் பயணம் ஒன்றின்போது இவ்வெண்ணம் அவருக்குத் தோன்றியது. 1989ஆம் ஆண்டு அக்கருவி விற்பனைக்கு வந்தது.

ஒருவழிப் பாலம்

தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம். விமான வானொலியில் அது இயலாது. ஓர் அலைவரிசையைப் பல விமானங்கள் பகிர்ந்துகொள்கின்றன. ஒருவர் பேசும்போது மற்றவர் அனைவரும் கேட்கவேண்டும். ஒரே ஒரு வண்டி மட்டும் செல்லக்கூடிய குறுகிய பாலத்தை இதற்கு ஒப்பிடலாம். எதிரெதிரே இரு வண்டிகள் நுழைந்தால் இரண்டும் கடக்கமுடியாது. அதுபோல இருவர் ஒரே நேரத்தில் பேசினால், கேட்பவர் காதில் கீச்சென்ற ஒலியே விழும், சொற்கள் விழா.

ஆகவே விமானி முதலில் கேட்கிறார். அலைவரிசையில் வேறு எவரேனும் பேசிக்கொண்டிருந்தால் பொறுத்திருக்கிறார். சொல்லவேண்டியதை மனத்தில் ஒழுங்குபடுத்திக்கொள்கிறார். பின்னர்ப் பேச்சுப் பொத்தானை அழுத்தி, ஒரு கணம் கழித்துப் பேசத் தொடங்குகிறார். பொத்தானை அழுத்தும் முன்பே பேசினால் முதற்சொல் அறுந்துபோகும். யாரை அழைக்கிறார், தாம் யார், எங்கிருக்கிறார், என்ன வேண்டுகிறார் என்னும் நான்கையும் சுருங்கச் சொல்லி முடிக்கிறார். பொத்தானை விட மறந்தாலோ, அது சிக்கிக்கொண்டாலோ, அந்த அலைவரிசை முழுவதும் அடைபட்டுவிடும்.

இந்திய வானில் விடைபெறும்போது ‘நமஸ்கார்’ என ஒரு சொல் கூறும் வழக்கம் உண்டு. அந்த ஒரு சொல்லுக்கு இடமுண்டு. நலம் விசாரித்தலுக்கு அங்கே இடமில்லை. மற்றொரு விமானி அவசரச் செய்தியுடன் காத்திருக்கக்கூடும் என்பதே காரணம். சுருங்கப் பேசுதல் அங்கே பிறர்க்கு வழிவிடும் பண்பாகிறது.

திருப்பிச் சொல்லுதல்

கட்டுப்பாட்டாளர் ஓர் ஆணை பிறப்பித்தால், விமானி அதனைத் தம் வாயால் மீண்டும் சொல்லவேண்டும். உரையாடல் ஆங்கிலத்திலேயே நிகழும். அதன் தமிழ் வடிவம் இவ்வாறு அமையும்:

கட்டுப்பாட்டாளர்: “விக்டர் டாங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி, 5 ஆயிரம் அடிக்கு இறங்குக.”

விமானி: “5 ஆயிரம் அடிக்கு இறங்குகிறேன், விக்டர் டாங்கோ ஆல்ஃபா பிராவோ சார்லி.”

விமானி தவறாகத் திருப்பிச் சொன்னால் கட்டுப்பாட்டாளர் உடனே ‘நெகட்டிவ்’ என மறுத்து, சரியானதை மீண்டும் உரைப்பார். எனவே திருப்பிச் சொல்லுதல் விமானியின் கடமை. அதனைக் கூர்ந்து கேட்டல் கட்டுப்பாட்டாளரின் கடமை. இரண்டும் நிறைவேறினாலன்றி உரையாடல் முழுமை பெறாது.

மேற்கண்ட உரையாடலில் ‘விக்டர் டாங்கோ’ என்பது வி, டி என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகளைக் குறிக்கும். இந்தியாவில் பதிவுபெற்ற விமானங்களின் பதிவெண் இவ்விரு எழுத்துகளிலேயே தொடங்கும். பி, டி, வி ஆகிய எழுத்துகள் இரைச்சலுக்கிடையே ஒன்றுபோலக் கேட்கும். ஆதலால் ஒவ்வோர் எழுத்துக்கும் தெளிவாக வேறுபடும் ஒரு சொல் வகுக்கப்பட்டது. இன்றுள்ள ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ என்னும் வரிசை 1956ஆம் ஆண்டு முதல் உலகெங்கும் வழங்குகிறது. எண்களுக்கும் இவ்வாறே. ஆங்கிலத்தில் 5, 9 ஆகியவற்றின் ஒலி நெருக்கமானது. எனவே விமானிகள் 5ஐ ‘ஃபைஃப்’ எனவும், 9ஐ ‘நைனர்’ எனவும் ஒலிப்பர்.

சொற்களின் பொருளும் வரையறுக்கப்பட்டதே. ‘ரோஜர்’ என்றால் ‘நீர் சொன்னதை முழுவதும் கேட்டேன்’ என்பது மட்டுமே பொருள். ‘ஆம்’ என்பது அதன் பொருளன்று. ‘ஆம்’ என்பதற்கு ‘அஃபர்ம்’ என்னும் சொல் உண்டு. ‘கேட்டேன், அவ்வாறே செய்வேன்’ என்பதற்கு ‘வில்கோ’ என்பர். ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். அப்பொருள் எல்லா நாட்டினர்க்கும் பொது.

இரண்டு துயரங்கள்

இவ்விதிகள் பல, பெருந்துயரங்களிலிருந்து கற்ற பாடங்கள்.

1977ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த டெனரீஃப் தீவில் கடும் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரு பெரிய விமானங்கள் இருந்தன. ஒரு விமானம் தனக்குப் புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாகக் கருதி ஓடத் தொடங்கியது. ‘காத்திருங்கள்’ எனக் கட்டுப்பாட்டாளர் கூறியதும், ‘நாங்கள் இன்னும் ஓடுபாதையில் இருக்கிறோம்’ என மற்ற விமானத்தினர் கூறியதும் ஒரே நேரத்தில் ஒலித்தன. ஓடிக்கொண்டிருந்த விமானத்தினருக்கு அவ்வேளையில் கீச்சொலியே பெரிதும் கேட்டது. இரு விமானங்களும் மோதின. 583 பேர் உயிரிழந்தனர். அதன்பின் விதி திருத்தப்பட்டது. ‘டேக்-ஆஃப்’ என்னும் சொல் புறப்பட அனுமதி அளிக்கும்போதும், அவ்வனுமதியை நீக்கும்போதும் மட்டுமே வரவேண்டும். மற்ற இடங்களில் ‘டிபார்ச்சர்’ என்றே சொல்லவேண்டும்.

இரண்டாவது துயரம் நம் நாட்டில் நிகழ்ந்தது. 1996ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் மாலை. தில்லியிலிருந்து சவூதி அரேபிய விமானம் ஒன்று புறப்பட்டு மேலேறியது. அதற்கு 14,000 அடி உயரம் அளிக்கப்பட்டிருந்தது. தில்லியை நோக்கிக் கஜகஸ்தான் விமானம் ஒன்று இறங்கி வந்தது. அது 15,000 அடியில் நிற்கவேண்டும். எதிரே 14,000 அடியில் ஒரு விமானம் வருகிறது என்னும் எச்சரிக்கையும் அதற்குத் தரப்பட்டது. அந்நாளில் தில்லியிலிருந்த ராடார் விமானங்களின் உயரத்தைக் காட்டாது. ஆகவே விமானம் எந்த உயரத்தில் உள்ளது என்பதற்கு விமானத்தினரின் சொல்லே சான்று.

கஜகஸ்தான் விமானம் 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியது. அரியானா மாநிலத்தின் சர்க்கி தாத்ரி ஊருக்கு மேலே இரு விமானங்களும் மோதின. அவற்றில் இருந்த 349 பேரும் மாண்டனர். நீதிபதி ஆர். சி. லகோட்டி தலைமையில் விசாரணை நடைபெற்றது. ஒதுக்கப்பட்ட உயரத்தைக் கஜகஸ்தான் விமானம் காக்கத் தவறியதே காரணம் என அறிக்கை கூறியது. அவ்விமானத்தினருக்குப் போதிய ஆங்கில அறிவு இல்லாமையும், அதனால் ஆணையைத் தவறாகப் பொருள்கொண்டமையும், தமக்குள் ஒருங்கிணைந்து செயல்படாமையும் அதற்குத் துணைபோயின என்றும் அது சுட்டியது. அவ்விமானத்தில் வானொலியில் பேசுவதற்கென்றே தனி ஒருவர் இருந்தார். கேட்டவர் ஒருவர், இயக்கியவர் வேறொருவர். கேட்ட சொல் இயக்கிய கையைச் சரியாகச் சென்றடையவில்லை.

பொதுமொழியும் தாய்மொழியும்

அண்டை மொழிக்காரர் இருவர் பேசும்போதுகூடச் சொல் மயங்கும் என்பதை ஐதராபாத்தில் வாழும் தமிழ்ப் பிள்ளைகள் அறிவர். தெலுங்கில் ‘ஏடு’ என்றால் ஏழு. சந்தையில் அதனைக் கேட்கும் தமிழ்க்காதுக்கு அது ‘எட்டு’ எனத் தோன்றலாம். காய்கறிக் கடையில் இம்மயக்கத்தால் ஒரு ரூபாய் மிகும் அல்லது குறையும். வானில் அதே மயக்கம் ஆயிரம் அடி வேறுபாடாகும்.

சர்க்கி தாத்ரி போன்ற விபத்துகளுக்குப்பின், பன்னாட்டுப் பயணியர் வான் போக்குவரத்து அமைப்பு மொழித்திறனுக்கு அளவுகோல் ஒன்றை வகுத்தது. அதில் 6 நிலைகள் உள்ளன. பன்னாட்டு வானில் பறக்கும் விமானியும், அவரை வழிநடத்தும் கட்டுப்பாட்டாளரும் குறைந்தது 4ஆம் நிலையை எட்டியிருக்கவேண்டும். ஷம்ஷாபாத் நிலையம் திறக்கப்பட்ட அதே 2008 மார்ச்சு மாதத்தில் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்க்கும் இதில் ஒரு கடமை உண்டு. அவர்கள் விரைந்து பேசுதலையும் வட்டார வழக்கையும் தவிர்க்கவேண்டும்.

வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் எனப் பல மொழிகளுக்கிடையே வளரும் பிள்ளைகள், கேட்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கப் பழகியவர்கள். புரியாதபோது மீண்டும் கேட்பதற்கும் அவர்கள் கூச வேண்டியதில்லை. பல்லாயிரம் மணி நேரம் பறந்த விமானியும் ஐயம் எழுந்தால் ‘மீண்டும் சொல்க’ என்றே கேட்கிறார். கேளாமல் ஊகிப்பதே அங்குப் பிழை.

இடர் வந்தபோது

விமானத்திற்குப் பேரிடர் நேர்ந்தால் விமானி ‘மேடே’ என மும்முறை கூறுவார். ‘எனக்கு உதவுக’ எனப் பொருள்படும் பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து, 1920களில் இலண்டனின் கிராய்டன் விமான நிலையத்தில் உருவான சொல் இது. அச்சொல் ஒலித்தவுடன் அந்த அலைவரிசையில் உள்ள மற்ற விமானிகள் அனைவரும் பேச்சை நிறுத்திக்கொள்வர். இடர்ப்பட்டவரின் குரல் தடையின்றிச் செல்ல வழிவிடுவர். உதவக்கூடிய நிலையில் உள்ளவர் மட்டுமே பேசுவார். இதற்கென 121.5 மெகாஹெர்ட்ஸ் என்னும் தனி அலைவரிசையும் உண்டு. நீண்ட பயணங்களில் விமானிகள் தங்கள் இரண்டாவது வானொலியில் அதனைக் கேட்டுக்கொண்டே பறக்கின்றனர். முன்பின் அறியாத ஒருவர் எப்போதேனும் அழைத்தால் கேட்பதற்கு ஒரு செவி வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

சொல்லும் பொருளும்

அலைவரிசை – வானொலிச் செய்தி செல்லும் வழி
இடையறாது – தொடர்ந்து, நிறுத்தாமல்
ஐயம் – சந்தேகம்
மயக்கம் – ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் தடுமாற்றம்
புலம்பெயர்தல் – பிறந்த நாட்டை விட்டு வேற்றிடம் சென்று வாழ்தல்

பயிற்சி

1. விமானி பேசத் தொடங்கும் முன் செய்யவேண்டியவை யாவை?
2. ‘ரோஜர்’, ‘அஃபர்ம்’, ‘வில்கோ’ ஆகியவற்றின் பொருள் வேறுபாட்டை எழுதுக.
3. சர்க்கி தாத்ரி விபத்திற்கு விசாரணை அறிக்கை கூறிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.
4. தமிழில் ஒன்றும் தெலுங்கில் வேறொன்றும் பொருள் தரும் சொற்கள் மூன்றினை வீட்டாரிடம் கேட்டு எழுதுக.
5. செயல்பாடு: இருவர் ஒருவருக்கொருவர் முதுகு காட்டி அமர்க. ஒருவர் ஓர் எளிய படத்தை வரையும் முறையைத் தமிழில் சொல்லுக. மற்றவர் ஒவ்வோர் ஆணையையும் திருப்பிச் சொன்ன பின்னரே வரைக. பின்னர்த் திருப்பிச் சொல்லாமல் வேறொரு படம் வரைந்து, இரண்டையும் ஒப்பிடுக.