அலுவலகத்தில் பாலியல் தொல்லையா? அன்றே எழுதி வையுங்கள்!

‘‘என்றைக்கு நடந்தது? சரியாக என்ன சொன்னார்? பக்கத்தில் யார் இருந்தார்கள்?’’

அலுவலகத்தில் பாலியல் தொல்லை என்று உள்ளகப் புகார் குழுவிடம் போகும் பெண் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் இவை. இரண்டு மாதம் கழித்து யோசித்தால் தேதிகள் குழம்பும். அதனால், நடந்த அன்று இரவே ஒரு நோட்டில் தேதி, நேரம், இடத்தோடு எழுதிவிடுவது நல்லது.

பலரும் தடுமாறுவது வார்த்தைகளில்தான். எழுதக் கூசுகிறது என்பதால், ‘தப்பாகப் பேசினார்’ என்று முடித்துவிடுகிறார்கள். அவர் சொன்னதை அப்படியே எழுதினால்தான், அது ‘சும்மா கிண்டல்’ இல்லை என்பது படிப்பவருக்குப் புரியும்.

நோட்டு வீட்டில் இருக்கட்டும். அலுவலக மெயிலில் சேமித்தால், வேலையை விட்டதும் அதைத் திறக்க முடியாமல் போகலாம். வாட்ஸ்அப் மெசேஜை ஆத்திரத்தில் அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட் இருக்கிறதே என்று பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடவும் வேண்டாம். வழக்கு நீதிமன்றம் வரை போனால் அந்த போனே தேவைப்படலாம்.

2013-ம் ஆண்டுச் சட்டப்படி, சம்பவம் நடந்த 3 மாதங்களுக்குள் புகார் தர வேண்டும். தொடர்ந்து நடந்திருந்தால், கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் வரை அவகாசம் தரலாம். 10 பேருக்குக் குறைவானவர்கள் வேலை பார்க்கும் இடம் என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ, மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழுவை அணுகலாம்.

நோட்டு எதுவும் இல்லையா? அதற்காகப் புகாரைக் கைவிட வேண்டாம். எழுத்தில் தர முடியாதவருக்கு, புகாரை எழுத உதவ வேண்டியது அந்தக் குழுவின் கடமை.