ஏலத்துக்கு வந்த ஒரு படம்



பீடோங் வட்டாரத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா முடிந்ததும் நடக்கும் ஏலத்தைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. அம்மனின் சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழம் தட்டில் வரும். கடையில் அதற்குச் சில காசுதான் விலை. ஒருவர் "ஐம்பது வெள்ளி" என்பார். இன்னொருவர் "அறுபது" என்பார். நூறு, இருநூறு என்று ஏறிப் போகும். அந்த விலை பழத்துக்கு அன்று. அது எங்கிருந்து வந்தது என்பதற்கு.

படங்களுக்கும் இப்படி ஏலம் உண்டு. 2019-ஆம் ஆண்டு செப்டம்பரில், லண்டனிலுள்ள பான்ஹாம்ஸ் என்ற ஏல நிறுவனத்தில் 1880-இல் வரையப்பட்ட ஓர் எண்ணெய் வண்ண ஓவியம் விற்பனைக்கு வந்தது. அகலம் அரை மீட்டர் அளவுதான்; நம் வீட்டுச் சாமி படத்தைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இளம்பெண் புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறாள். அவ்வளவே படம். 6 லட்சம் முதல் 8 லட்சம் பவுண்டு வரை போகலாம் என்று நிறுவனம் மதிப்பிட்டிருந்தது. போனதோ 60 லட்சம் பவுண்டுக்கும் மேல். நம் பணத்தில் 30 மில்லியன் வெள்ளியைத் தாண்டும். வாங்கியது யார் தெரியுமா? கோலாலம்பூரில் தேசியப் பள்ளிவாசலுக்கு அருகே இருக்கும் இஸ்லாமியக் கலை அரும்பொருளகம்.

கோயில் ஏலத்துக்கும் இதற்கும் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறேன். அங்கே, இதற்குக் கீழே விற்பதில்லை என்று ஒரு விலையை உடையவரும் நிறுவனமும் இரகசியமாகப் பேசி வைத்திருப்பார்கள். சுத்தியல் தட்டிய பிறகு, கேட்ட விலையோடு நிறுவனத்தின் கட்டணத்தையும் வாங்குபவர் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

சரி, படிக்கும் பெண்ணின் படத்துக்கு ஏன் இத்தனை விலை? அதற்குச் சற்றுப் பின்னால் போக வேண்டும்.

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அல்ஜீரியா, எகிப்து, இந்தியா என்று கிழக்கு நாடுகளில் ஆதிக்கம் செலுத்தினார்கள். அவர்கள் பின்னாலேயே ஓவியர்களும் போனார்கள். சந்தை, பாலைவனம், ஒட்டகம், அந்தப்புரம் என்று இவர்கள் வரைந்த படங்களுக்கு ஓரியண்டலிஸ்ட் ஓவியங்கள், அதாவது கீழைநாட்டுக் காட்சி ஓவியங்கள் என்று பெயர். பாரிஸிலும் லண்டனிலும் பணக்காரர்கள் அவற்றை விரும்பி வாங்கினார்கள்.

இவர்களில் பெரிய பெயர் ஜெரோம் என்ற பிரெஞ்சுக்காரர். 'பாம்பாட்டி' என்ற அவருடைய படத்தில் ஆடையில்லாத ஒரு சிறுவன் பாம்பை உடலில் சுற்றிக்கொண்டு நிற்கிறான். ஒரு கிழவர் குழல் ஊதுகிறார். சுவரோரம் சில ஆண்கள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். பின்னாலுள்ள நீல ஓடுகளைப் பார்த்தால் கையால் தடவலாம் போலிருக்கும். அந்த ஓடுகள் துருக்கியின் இஸ்தான்புல் அரண்மனையில் உள்ளவை. பாம்பாட்டமோ எகிப்தில் கண்டது. இரண்டையும் ஓவியர் தம் பட்டறையில் ஒட்ட வைத்துவிட்டார். ஒவ்வொரு ஓடும் உண்மை, காட்சி பொய். ஓடு இவ்வளவு சரியாக இருந்தால் மனிதர்களும் இப்படித்தான் இருப்பார்கள் என்று பார்த்தவர்கள் நம்பினார்கள். இந்தப் படத்தைத்தான் எட்வர்ட் சைத் 1978-இல் எழுதிய 'ஓரியண்டலிசம்' என்ற நூலின் அட்டையில் போட்டார்கள். கிழக்கைப் பற்றி மேற்கு தானே கட்டிய கதைகளை ஆராய்ந்த நூல் அது.

இனி நம் படத்துக்கு வருவோம். அதை வரைந்தவர் உஸ்மான் ஹம்டி பே. இஸ்தான்புல்லில் 1842-இல் பிறந்த துருக்கியர். பாரிஸுக்குச் சட்டம் படிக்கப் போனவர் ஓவியம் கற்றுத் திரும்பினார். அதே எண்ணெய் வண்ணம், அதே நுணுக்கம். அவரும் உடை உடுத்தி, பொருள்களை அடுக்கி, காட்சியை ஜோடித்துத்தான் வரைந்தார். தம்மையே வேடமிட்டுப் புகைப்படம் எடுத்து அதைப் பார்த்து வரைந்ததும் உண்டு. ஆனால் பிரெஞ்சு ஓவியர்களின் படங்களில் மெத்தையில் சோம்பிக் கிடந்த பெண், இவர் படத்தில் புத்தகம் படிக்கிறாள். தன்னை யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே அவளுக்கு இல்லை. இத்தகைய படங்கள் ஏலத்துக்கு வருவதும் அரிது. விலை ஏறியதற்கு இவையெல்லாம் காரணம்.

இன்னொரு வேடிக்கை. இதே ஹம்டி பே 1881 முதல் இஸ்தான்புல் அரசு அரும்பொருளகத்தின் தலைவர். நாட்டில் தோண்டியெடுக்கும் பழம்பொருள்கள் வெளியே போகக்கூடாது என்று 1884-இல் வந்த சட்டத்துக்குப் பின்னால் நின்றவர். அவர் கையால் வரைந்த படமோ லண்டனில் விலைபோய் மலேசியா வந்து சேர்ந்தது!

நம்மையும் பிறர் படம் பிடித்திருக்கிறார்கள், நேயர்களே. வெள்ளைக்காரர்கள் தங்கள் ஊருக்கு அனுப்பிய பழைய அஞ்சல் அட்டைகளில் பால் வெட்டும் நம் பாட்டன் பாட்டிகள் நிற்கிறார்கள். நில் என்ற இடத்தில் நின்றிருக்கிறார்கள். கீழே 'தமிழ்க் கூலிகள்' என்று அச்சடித்திருக்கும், பெயர் இராது. இன்று அவற்றையும் சேகரிப்போர் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வாங்கியவரிடம் அட்டை இருக்கும். அதில் நிற்பவர் யார் என்று அவருக்குச் சொல்ல ஆளில்லை.

லயத்தை விட்டு டவுனுக்கு வந்தபோது கொண்டு வந்த தகரப் பெட்டியில் கல்யாணப் படம், திருவிழாப் படம் என்று நாலைந்து இருக்கும். வீட்டுப் பெரியவர்களை உட்கார வைத்து, ஒவ்வொருவர் பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் கேட்டுப் படத்தின் பின்பக்கம் எழுதி வையுங்கள். பென்சிலால் மெல்ல எழுதுங்கள். பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறிவிடும்.