டாக்டருக்கு எத்தனை துணை?

1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’ தொடரின் நாயகர் ஒரு வேற்றுக்கிரகவாசி. டார்டிஸ் என்ற வாகனத்தில் காலம், வெளி இரண்டையும் கடப்பவர். அவருக்குத் தெரியாதது அநேகமாக எதுவுமில்லை. அப்படிப்பட்டவரைத் தனியே விட்டால் கதை நகராது. “இது என்ன?” என்று கேட்க, ஆபத்தில் மாட்டிக்கொள்ள, டாக்டர் எல்லை மீறினால் “வேண்டாம்” என்று தடுக்க ஆள் வேண்டும். பயணத் துணைகள் வந்தது இதற்குத்தான்.

முதலில் மூவர்: பேத்தி சூசன், அவள் பள்ளி ஆசிரியர்கள் இயன், பார்பரா. 25 நிமிடப் பகுதிகளாக ஒரு கதை பல வாரம் ஓடியதால், ஆளுக்கொரு பக்கம் அனுப்ப இடமிருந்தது. நடிகர்களுக்கு விடுமுறையும் கொடுக்க முடிந்தது. ‘மரினஸின் சாவிகள்’ கதையில் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னல் இரண்டு வாரம் திரையிலேயே இல்லை. மற்றவர்கள் கதையைத் தாங்கினார்கள்.

1982இல் பீட்டர் டேவிசனின் டாக்டருடனும் மூவர்: அட்ரிக், நிஸ்ஸா, டீகன். ஆனால் கதைகள் பெரும்பாலும் நான்கே பகுதிகள். ‘கிண்டா’ கதை இரண்டு துணைகளை மனத்தில் வைத்து உருவானது. நிஸ்ஸாவை என்ன செய்வது? உடல்நிலை சரியில்லை என்று டார்டிஸுக்குள் தூங்கவைத்துவிட்டார்கள். கதை முடியும்போதுதான் எழுந்து வருகிறாள். கிடைத்த இடமெல்லாம் டீகனுக்குப் போயிற்று. காட்டில் காற்றுமணிகளுக்கு அடியில் அவள் கண்ணயர, கனவின் இருட்டில் ‘மாரா’ என்ற தீய சக்தி அவளைப் பிடிக்கிறது. டீகனுக்குக் கிடைத்த மிகச் சிறந்த காட்சிகள் இவைதான் என்பேன். மூன்றாமவரும் விழித்திருந்தால் அந்தக் கனவுக்கு அவ்வளவு நேரம் கிடைத்திருக்காது.

2005இல் தொடர் மீண்டும் வந்தபோது, பெரும்பாலும் 45 நிமிடத்தில் ஒரு முழுக் கதை. துணை ரோஸ் மட்டும். அந்தக் கணக்கு அழகாகப் பொருந்தியது. 2018இல் மறுபடி மூவர். ஒரே குடும்பத்தினரான கிரஹாம், ரயன் இருவருக்கும் இடையே மனத்தாங்கல் இருந்ததால் அவர்கள் கதை வளர்ந்தது. யாஸ்மினுக்கு முதல் ஆண்டில் கேள்வி கேட்பதைத் தாண்டிப் பெரிதாக வேலையில்லை.

என்னைக் கேட்டால் இரண்டு பேர்தான் சரி. அவர்களுக்குள் டாக்டரைச் சாராத ஓர் உறவும் இருக்க வேண்டும். 2010இல் வந்த ஏமி, ரோரி ஜோடியைப் பாருங்கள். சிறுவயதிலிருந்தே டாக்டரை நினைத்து வளர்ந்த ஏமியால் அவரை எடைபோட முடியாது. அவளை மணக்கப்போகும் ரோரியால் முடியும். வெனிஸ் கதையில் அவன் டாக்டரின் முகத்துக்கு நேராகவே சொல்கிறான்: உங்கள் பாராட்டுக்கு ஏங்கித்தான் மனிதர்கள் தங்களையே ஆபத்தில் தள்ளிக்கொள்கிறார்கள் என்று.