தனிக்கணினியும் தமிழ் எழுத்தும்

கணினி என்றால் எம்மொழியையும் எழுதிக் காட்டும் என்று இன்றைய மாணவர் எண்ணுவது இயல்பு. ஆயின் வணிக அலுவலகங்களுக்கெனப் பிறந்த தொடக்ககாலத் தனிக்கணினியில் தமிழுக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. அது ஏன் என்பதை அதன் உறுப்புகளைக் கொண்டே ஈண்டு விளக்க முற்படுகிறோம்.

ஐ.பி.எம். நிறுவனம் 1981 ஆகஸ்டு 12ஆம் நாள் அறிமுகப்படுத்திய 5150 என்னும் பொறியே வணிகத் தனிக்கணினிகளுக்கு இலக்கணம் வகுத்தது. இன்டெல் 8088 செயலி; மிக எளிய அமைப்பில் 16 கிலோபைட் நினைவகம்; விலை 1,565 டாலர். இம்மலரின் சில பக்கங்களைத் தட்டெழுதினாலே அந்நினைவகம் நிறைந்துவிடும்! கோப்புகளைச் சேமிக்க ஐந்தேகால் அங்குல நெகிழ்வட்டு இருந்தது. ஏறத்தாழ ஓராண்டுக்குள் உருவாக்க நேர்ந்தமையால் பிறர் செய்த உறுப்புகளையே பெரும்பாலும் வாங்கிக் கோத்தனர். சுற்றுப்படங்களையும் கையேடாக வெளியிட்டனர். ஆகவே பிறரும் அதனையொத்த பொறிகளைச் செய்ய இயன்றது.

ஐ.பி.எம். 1978இலேயே இந்தியாவை விட்டு வெளியேறியிருந்தது. அவ்வாண்டில், திருச்செந்தூர் வட்டாரத்து மூலைப்பொழியில் பிறந்த சிவ நாடாரும் நண்பர்களும் தொடங்கிய எச்.சி.எல். நிறுவனம் 8சி என்னும் நுண்கணினியை வெளியிட்டது. 1984ஆம் ஆண்டின் புதிய கணினிக் கொள்கைக்குப் பின்னர் ஐ.பி.எம். முறையையொட்டிய பொறிகள் இந்தியாவில் பெருகின.

இனி எழுத்துக்கு வருவோம். நாகர்கோவிலிலும் தக்கலையிலும் தட்டச்சுப் பயின்றோர் இதனை எளிதில் உணர்வர். தட்டச்சுப் பொறியில் அச்செழுத்தைத் தமிழாக வார்த்துப் பொருத்தினால் அது தமிழ்ப் பொறியாகிவிடும். தனிக்கணினியிலும் அச்செழுத்து உண்டு. ஆனால் அது திரை அட்டையிலுள்ள மாறா நினைவகச் சில்லில் புள்ளிகளாகப் பதிந்திருந்தது. ஒருநிறத் திரையில் 25 வரி, வரிக்கு 80 எழுத்து. ஒவ்வோர் எழுத்துக்கும் 9 புள்ளி அகலம், 14 புள்ளி உயரம். சில்லில் இருந்தவை 256 வடிவங்களே: ஆங்கில எழுத்துகள், பிற ஐரோப்பிய மொழிகளின் குறியிட்ட எழுத்துகள், சில கிரேக்க எழுத்துகள், கட்டம் வரையும் கோடுகள். கணக்கேட்டுக்குக் கோடு இருந்தது; அகரம் இல்லை.

தமிழைப் புகுத்த முயன்றோர்க்கு இரு தடைகள். ஒல்லியான ரகரத்துக்கும் பருத்த ணகரத்துக்கும் ஒரே அகலந்தான். அன்றியும், உகர, ஊகார உயிர்மெய்களுக்கு மட்டும் 36 தனி வடிவங்கள் வேண்டும். நம்மவர் பெயர்களுக்கு இன்றியமையாத ஜ, ஷ, ஸ, ஹ வேறு. ஆயினும் மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கினார். கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முளைத்து, புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ அட்டையைக் கணினியின் செருகுவாயில் பொருத்தித் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைக் கையாண்டனர். திறந்த அமைப்பின் பெரும்பயன் இதுவே என்போம்.

பின்வந்த எழுத்துருக்களோ, ஆங்கிலம் போக எஞ்சிய 128 இடங்களில் தத்தம் விருப்பப்படி தமிழை நிரப்பின. ஒன்றில் ககரத்துக்குரிய எண் மற்றொன்றில் மகரத்துக்காயிற்று. ஒருவர் தட்டெழுதிய கட்டுரை இன்னொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றியது இதனாலேயே. 1991இல் வெளிவந்த ஒருங்குறி தமிழுக்குத் தனி எண்களை வழங்கியது. தமிழ்நாட்டரசு அதனை ஏற்றது 2010இல். இடைப்பட்ட காலத்துக் கட்டுரைகளும் ஆய்வேடுகளும் பழைய குறியீடுகளிலேயே தங்கிவிட்டன. அத்தகைய நெகிழ்வட்டுகளோ கோப்புகளோ வைத்திருப்போர், தாம் பயன்படுத்திய எழுத்துருவின் பெயரை அவற்றோடு எழுதிவைக்க வேண்டுகிறோம். அப்பெயர் தெரிந்தால் ஒருங்குறிக்கு மாற்றுவது எளிது. தெரியாவிடின் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டே மீட்க வேண்டும்.