குடிவரவுக் கருமங்களில் தகுதியுடைய துணையைத் தேர்தல்

எமது கல்லூரியிற் பயின்று வெளியேறியோர் பலர் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் பரந்து வாழ்கின்றனர். 1983ஆம் ஆண்டின் பின்னர்ப் பெருகிய அக்குடிபெயர்வு, கல்வி, தொழில், குடும்பத்தோடு சேர்தல் ஆகிய காரணங்களால் இன்றும் தொடர்கின்றது. பிறநாடு செல்ல விழையும் இளைஞர் முதலில் நாடுபவர் பெரும்பாலும் 'ஏஜென்சிக்காரர்' என ஊரவர் வழங்கும் ஒருவரேயாவர். அவர் எத்தனை பேரை அனுப்பினார் என வினவுவோர் பலர். அத்தொழிலைச் செய்ய அவருக்குச் சட்டம் இடந்தந்துள்ளதா என வினவுவோர் மிகச் சிலர். ஆதலின் இதுபற்றிச் சில கூறுதல் எமது கடனெனக் கொண்டோம்.

நீதிமன்றிலே எமக்காக வாதிடத் தகுதி பெற்றவர் எவர் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அப்புக்காத்து, பிறக்கிராசி என்னும் இரு திறத்தார் அந்நாளில் இருந்தனர். 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின்படி, 1974 தொடக்கம் அவ்விரு திறத்தாரும் சட்டத்தரணி என ஒரே பெயர் பெற்றனர். பதிவில்லாத ஒருவரிடம் காணி வழக்கை எவரும் ஒப்படைப்பதில்லை. காணியினும் பெரிதாகிய வாழ்வையே ஒப்படைக்கும் குடிவரவுக் கருமத்தில் அவ்விழிப்பு வேண்டாவோ?

கனடாவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டுக் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி, கட்டணம் பெற்று ஆலோசனை கூறவும் பிரதிநிதியாக நிற்கவும் உரியோர் மூவகையினரே. மாகாணச் சட்டச் சங்கமொன்றில் அங்கத்துவமுடைய சட்டத்தரணிகள் ஒரு வகையினர். ஒன்ராரியோவில் உரிமம் பெற்ற சட்ட உதவியாளரும் இதனுள் அடங்குவர். கியூபெக் மாகாண நொத்தாரிசு மன்றத்தினர் இரண்டாம் வகையினர். 2021ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தொழிற்படத் தொடங்கிய குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றோர் மூன்றாம் வகையினர். அகதிக் கோரிக்கையை விசாரிக்கும் சபையின் முன் தோன்றுவதற்கு இம்மூன்றாம் வகையினருள்ளும் தனித்தகுதி பெற்றோரே உரியர்.

இங்கே நம்மவர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. இலங்கையிலே நொத்தாரிசு உறுதி முடிப்பவர், பெருமதிப்புக்குரியவர். கனடாவின் ஏனைய மாகாணங்களில் அப்பெயர் பூண்டிருத்தல் மாத்திரம் குடிவரவுக் கருமத்திற்குத் தகுதியாகாது. அவ்வாறே, 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இலங்கையில் வழங்கப்படும் வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் உரிமம் தொழிலாளரைத் திரட்டுதற்கேயுரியது. பிறநாட்டுக் குடிவரவு அலுவலகத்தின் முன் பிரதிநிதியாக நிற்க அது உரிமை தருவதன்று. யாழ்ப்பாணத்திலிருந்து கட்டணம் பெறுபவராயினும், மேற்கூறிய மூவகையினருள் ஒருவராயின் மாத்திரமே கனேடிய அலுவலகம் அவரைப் பிரதிநிதியாக ஏற்கும்.

கட்டணம் பெறாத உறவினரோ நண்பரோ கனடாவில் உதவலாம். ஆயினும், பிரதிநிதி எவராயினும் ஐ.எம்.எம். 5476 என்னும் படிவத்தில் அவர் பெயர் காட்டப்படல் வேண்டும். பணத்தைப் பெற்றுக்கொண்டு, "என் பெயரை எழுதவேண்டா" என்பவரை உடனே விட்டு நீங்குதல் நன்று.

யாமறிந்த இளைஞரொருவர் அவ்வாறான ஒருவரிடம் வெற்றுப் படிவத்திற் கையொப்பமிட்டுக் கொடுத்தார். தாம் ஒருபோதும் பாராத தொழிலொன்றின் அத்தாட்சிக் கடிதம் விண்ணப்பத்தில் இணைக்கப்பட்டதை, நிராகரிப்புக் கடிதம் வந்த பின்னரே அறிந்தார். முகவரின் பெயர் எங்கணுமில்லை, கையொப்பம் இளைஞருடையதே. பொய்த்தகவல் அளித்தோர் அச்சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி ஐந்தாண்டுகள் கனடாவுட் புகத் தடைசெய்யப்படுவர். 2014ஆம் ஆண்டிற்கு முன் இத்தடை ஈராண்டாக இருந்தது. பிறர் செய்த பிழையென்று கூறித் தப்புதல் அரிது.

பிரித்தானியாவில் 1999ஆம் ஆண்டுச் சட்டம் இக்கருமத்தை ஆளுகின்றது. சொலிசிற்றர், பாரிஸ்ரர் முதலிய சட்டத்தொழிலாளர் அல்லாதார், 2025இல் குடிவரவு ஆலோசனை அதிகாரசபை எனப் புதுப்பெயர் பெற்ற நிறுவனத்திற் பதிவுபெறல் வேண்டும். அவர்க்கு மூன்று படிநிலைகள் உள. மேன்முறையீட்டில் வாதிட மூன்றாம் படிநிலை வேண்டும். இலாபங் கருதாது ஆலோசனை நடாத்தும் அமைப்புகளையும் அச்சட்டம் கட்டுப்படுத்துகின்றது. இதனை இலண்டனிலுள்ள பழைய மாணவர் சங்கத்தார் சிறப்பாக மனங்கொள்ளல் வேண்டும். நல்லெண்ணத்தோடு கூறும் ஆலோசனையும் தகுதியின்றேல் குற்றமாகலாம். தகுதியுடையாரிடம் வழிகாட்டி விடுதலே சங்கங்கட்குத் தக்க தொண்டு. அவுஸ்திரேலியாவில் பதிவுபெற்ற குடிபெயர்வு முகவருக்கு ஏழிலக்கப் பதிவெண் உண்டு. 2021 மார்ச் தொடக்கம் தடையற்ற தொழிற்சான்றிதழுடைய சட்டத்தரணிகள் அப்பதிவின்றியே இப்பணி செய்யலாம்.

இனி, செய்யவேண்டுவன எவை? ஒருவர் காட்டும் சான்றிதழை மாத்திரம் நம்பாது, உரிய நிறுவனத்தின் பகிரங்கப் பதிவேட்டை இணையத்திலே நாமே பார்த்தல் வேண்டும். உரிமம் நடைமுறையில் உளதா, இடைநிறுத்தப்பட்டதா என்பது அங்கே புலப்படும். கட்டணமும் பணியும் எழுத்து உடன்படிக்கையில் அமைதல் வேண்டும். கொடுத்த பணத்திற்குப் பற்றுச்சீட்டுப் பெறுதல் வேண்டும். வெற்றுத்தாளிற் கையொப்பமிடலாகாது. அனுப்பிய விண்ணப்பத்தின் முழுப்பிரதி நம் கையில் இருத்தல் அவசியம். விசா நிச்சயம் என உறுதி கூறுபவர் பொய் கூறுகின்றார். தீர்ப்பு அலுவலரின் கையிலுள்ளது.

பிரதிநிதியை அமர்த்தியே ஆகவேண்டும் என்னும் விதியுமில்லை. கனடாவின் படிவங்கள் இலவசமாகவே கிடைக்கும்; பிரதிநிதி உள்ளவரின் விண்ணப்பத்திற்கு முன்னுரிமையும் இல்லை. ஆங்கிலமறிந்த எம் மாணவர் எளிய விண்ணப்பங்களைத் தாமே நிரப்பவல்லர். நிராகரிப்பு, மேன்முறையீடு, அகதிக் கோரிக்கை என்பன நேரிடின் தாமதியாது சட்டத்தரணியை நாடுக. பொருள்வசதி குறைந்தோர்க்கு ஒன்ராரியோவிற் சட்ட உதவி நிறுவனம் உண்டு.

வெளிநாடு சென்ற பழைய மாணவர்க்கு ஊரிலிருந்து தம்பிமார் எழுதும் கடிதங்கள் பல. அடுத்த கடிதம் வரும்போது, பணம் அனுப்புவதற்கு முன்னர், அத்தம்பி குறிப்பிடும் முகவரின் பெயரைப் பதிவேட்டிற் பார்த்து எழுதுக. அதற்குச் செலவாவது சில நிமிடங்களே. காக்கப்படுவதோ ஓர் இளைஞனின் ஐந்தாண்டுகளாக இருக்கலாம்.