பொலிசாரின் ஆயுதத்தையே பறித்த தோட்டம்! தெரியுமா?

பதுளை டவுனை ஒட்டியிருக்கும் வெவெஸ்ஸ தோட்டத்தைத் தெரியாத ஊவாக்காரர் இல்லை. ஆனால் 1940இல் அந்தத் தோட்டத்துச் சனம், ஆயுதத்தோடு வந்த ஒரு பொலிஸ் குழுவையே மடக்கி ஆயுதங்களைப் பறித்துக்கொண்டது தெரியுமா? எம்.ஜி.ஆர். படத்துக் காட்சி இல்லை, நம்ம ஊரில் நடந்த சங்கதி!

சங்கம் என்ற பேச்சை எடுத்தாலே தோட்டத்தை விட்டுத் துரத்திவிடுகிற காலம் அது. லங்கா சமசமாஜக் கட்சிக்காரர்கள் ஊவாவில் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வெவெஸ்ஸவில் தொழிலாளர்கள் தாங்களே ஆட்களைத் தெரிவுசெய்து ஒரு சபை அமைத்தார்கள். இனி அந்தச் சபையைக் கலந்துதான் தோட்டத்தை நடத்துவேன் என்று தொரையும் ஒத்துக்கொண்டார். பெரட்டுக்களத்தில் தொரை வாயிலிருந்து விழுந்ததே சட்டம் என்றிருந்த நாளில் இது எப்பேர்ப்பட்ட காரியம்! சட்டமும் ஒழுங்கும் கெட்டுப்போச்சு என்று வந்த பொலிசுக்குத்தான் மேலே சொன்ன கதி.

அதே ஆண்டு மே 12, ஞாயிற்றுக்கிழமை. பதுளையில் கூட்டம் நடத்தக்கூடாது என்று பொலிஸ் தடை போட்டிருந்தது. சமசமாஜத் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா வந்தார், திரண்டிருந்த கூட்டத்தின் முன்னால் ஏறிப் பேசினார், பொலிஸ் பார்த்துக்கொண்டு நின்றது. அவ்வளவுதான்.

ஊவாத் தோட்டங்களில் பரவியிருந்த வேலைநிறுத்தம் எப்படி அடங்கியது தெரியுமா? பாதி பொலிஸ் அடியால், மீதி மழையால்! வெள்ளம் வந்து ஊவாவை வெளியுலகத்திலிருந்து ஒரு வாரத்துக்கும் மேலாகத் துண்டித்துவிட்டது. வெளியே யாருக்கும் சேதி போகவில்லை, உதவிக்கும் யாரும் வரமுடியவில்லை. அடுத்த மாதமே கட்சித் தலைவர்கள் என்.எம். பெரேரா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி, கொல்வின் எல்லோரையும் பிடித்து உள்ளே போட்டது வெள்ளைக்கார அரசு. 1942 ஏப்ரலில் நால்வரும் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பினார்கள். தப்பும்போது காவலுக்கு இருந்த ஜெயிலரும் கூடவே போய்விட்டார்! சிறையை உடைத்தவர்களை உலகத்தில் நிறையப் பார்க்கலாம். சாவியை வைத்திருந்தவரையே கூட்டிக்கொண்டு போனவர்கள் எத்தனை பேர்?

இன்னொன்று கேளுங்கள். இலங்கைப் பொலிசை இன்றைக்கும் நடத்துகிற பொலிஸ் கட்டளைச் சட்டம் எந்த ஆண்டு வந்தது? 1865, 16ஆம் இலக்கம். அதே 1865இல் 11ஆம் இலக்கமாக வந்த இன்னொரு சட்டம் தெரியுமா? சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம். அனுமதியில்லாமல் வேலையை விட்டுப் போனால், சொன்ன வேலையைச் செய்ய மறுத்தால், ஏன், தொரையிடம் மரியாதைக்குறைவாக நடந்தாலே தொழிலாளி குற்றவாளி. மூன்று மாதம் வரை மறியல்! கடனை எழுதிக் கையில் கொடுக்கிற 'துண்டு' இல்லாமல் அடுத்த தோட்டத்தில் பேர் பதியவும் முடியாது. துண்டு முறை 1921இல் ஒழிந்தது, வேலையை விட்டுப் போனால் சிறை என்ற பிரிவு 1922இல்தான் போனது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு சட்டங்களில் ஒன்றின் பல்லைப் பிடுங்கி நூறு வருசம் தாண்டிவிட்டது. மற்றது இன்னும் திடகாத்திரமாக உயிரோடு இருக்கிறது.

உயிரோடு இருக்கிற அந்தச் சட்டத்தின் 77ஆம் பிரிவை ஊர்வலம் போகிற எல்லோருக்கும் மனப்பாடம் ஆக்கிவிடலாம். ஊர்வலம் தொடங்க ஆறு மணித்தியாலத்துக்கு முன்னரே, பக்கத்துப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்க வேண்டும். கவனியுங்கள், அறிவிக்கத்தான் வேண்டும். கைகட்டி நின்று அனுமதி வாங்கவேண்டும் என்றுதான் நம்மில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். நிபந்தனை போடவும், தடுக்கவும் மேலதிகாரிகளுக்கு அதிகாரம் உண்டு என்பது வேறு கதை.

ஒரு தோட்டத்துக் கூலிக்காரரின் சாவு ஒரு நாட்டு மந்திரிசபையையே கவிழ்த்தது தெரியுமா? இது ஊவா இல்லை, ஹேவாஹெட்ட பக்கம், முல்லோயா தோட்டம். 1940 ஜனவரி 10, வேலைநிறுத்தத்தில் பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் செத்துப்போனார். விசாரணை ஆணைக்குழு வந்தது. கோவிந்தனின் மனைவிக்காக வாதாட எழுந்தவர் அதே கொல்வின். விசாரணை முடியும் வரை தொழிலாளர்மேல் போட்ட வழக்குகளைத் தள்ளிவையுங்கள் என்றார் உள்நாட்டு அமைச்சர் டி.பி. ஜயதிலக்க. பொலிஸ் மாஅதிபரோ கேட்கவில்லை, தேசாதிபதி பொலிஸ் பக்கம் நின்றார். பெப்ரவரியில் அமைச்சர்கள் கூண்டோடு பதவி விலகினார்கள்! பிறகு திரும்பி வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் பொலிஸ் யார் பேச்சைக் கேட்கவேண்டும், மக்கள் அனுப்பிய மந்திரி பேச்சையா அரசன் அனுப்பிய தேசாதிபதி பேச்சையா என்ற கேள்வியை இந்த நாட்டில் பலமாகக் கிளப்பிவிட்டது லயத்துக் காம்பராவில் வாழ்ந்த ஒரு மனுசனின் சாவு.

இன்னும் பின்னால் போவோமா? 1817இல் ஊவா வெல்லஸ்ஸவில் வெள்ளைக்காரருக்கு எதிராகக் கலகம் மூண்டபோது, அதை அடக்கிவா என்று அரசு அனுப்பிய ஊவா திசாவை கெப்பெட்டிபொல, அடக்கப் போன இடத்தில் கலகக்காரரோடேயே சேர்ந்துகொண்டார். 1818 நவம்பர் 26 அன்று கண்டியில் தலை துண்டிக்கப்பட்டது. அந்த மண்டையோடு எங்கே போனது தெரியுமா? எடின்பரோவுக்கு! மண்டையின் மேடுபள்ளத்தைத் தடவிப் பார்த்து ஆளின் குணம் சொல்கிற ஒரு சங்கத்துக்கு ஆராய்ச்சிப் பொருளாகப் போனது. 1954இல்தான் கண்டிக்குத் திரும்பியது. அவரையும் கூட்டாளிகளையும் துரோகிகள் என்று 1818 ஜனவரி 10 வர்த்தமானி சொல்லியிருந்தது. அதை இரத்துச் செய்து கையெழுத்திட்டவர் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, 2016 டிசம்பரில். துரோகி வீரனாக 198 வருசம்!

பதுளை நகரத்துச் சென் மார்க்ஸ் தேவாலயம் யார் ஞாபகமாகக் கட்டியது என்றும் பார்த்துவிடுங்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டுத் தள்ளியதாகப் பேரெடுத்த மேஜர் ரொஜர்ஸ். நிர்வாகமும் அவர் கையில், படையும் அவர் கையில், நீதிமன்றமும் அவர் கையில். பிடிப்பவரும் விசாரிப்பவரும் தண்டிப்பவரும் ஒரே ஆள், யாரிடம் போய் மேன்முறையீடு செய்வது? 1845 ஜூன் 7 அன்று ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். யானைகளின் வழக்கு அன்றைக்குத்தான் தீர்ந்தது என்று ஊரில் சொல்லியிருப்பார்கள்.

கும்பிட்டே வேலைநிறுத்தம் செய்யலாம் என்று கண்டுபிடித்ததும் நம்ம ஆட்கள்தான். 1986 தைப்பொங்கலன்று தொடங்கிய பிரார்த்தனைப் போராட்டத்தைச் சொல்கிறேன். நாடற்றவர்களாகக் கிடந்தவர்களுக்குக் குடியுரிமை கேட்டு, காலையில் மலைக்குப் போகாமல் நண்பகல் வரை பிரார்த்தனை செய்வது! இதை நடத்திய சௌமியமூர்த்தி தொண்டமான் அதே அரசாங்கத்தில் மந்திரியாக இருந்தார் என்பது அடுத்த வேடிக்கை. சாமி கும்பிடுகிறவனை எந்தப் பிரிவின் கீழ் பொலிஸ் பிடிக்கும்? கொழுந்து முற்றினால் நட்டம் யாருக்கு? 94,000 பேருக்குக் குடியுரிமை வழங்கும் 5ஆம் இலக்கச் சட்டம் அந்த வருசமே வந்துவிட்டது.

சத்தம் போடுவதும் பேச்சுச் சுதந்திரம்தான் என்று நம் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருப்பது தெரியுமா? 1992 ஜூலையில் எதிர்க்கட்சிகள் 'ஜன கோஷா' என்று ஒன்றை நடத்தின. குறிப்பிட்ட நேரத்தில் மணியடி, ஹோர்ன் அடி, மேளம் தட்டு, அரசாங்கத்துக்குக் காது கேட்கட்டும்! தெற்கில் மேளம் தட்டிய ஒருவரைப் பொலிஸ் தடுத்தது. அமரதுங்க எதிர் சிறிமால் வழக்கு, 1993. மார்க் பெர்னாண்டோ நீதியரசர், வாயால் சொன்னால்தான் பேச்சு என்று இல்லை, மேளத்தால் சொன்னாலும் பேச்சே என்ற வகையில் தீர்த்துவைத்தார். தப்பும் உறுமியும் வீட்டில் வைத்திருக்கும் நம் சனம் இந்தத் தீர்ப்பைப் பிரதி எடுத்துக் கூடவே வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை வாசித்ததெல்லாம் வாய் பிளக்க வைக்கும் சங்கதி. இனி வருவது வாயை மூட வைப்பது. ஆச்சரியக்குறியை இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

பண்டாரவளையிலிருந்து பதுளை போகும் பாதையில் சில கிலோமீற்றரில் பிந்துனுவெவ. 2000ஆம் ஆண்டு அங்கே ஒரு புனர்வாழ்வு முகாம் இருந்தது. 41 தமிழர்கள், பெரும்பாலும் இளந்தாரிகள், சிலர் பொடியன்கள் என்றே சொல்லவேண்டிய வயது. இயக்கத்தை விட்டு வந்து சரணடைந்தவர்கள், சந்தேகத்தில் பிடிபட்டவர்கள். சிறை என்று சொல்லமுடியாத, தொழில் பழக்கி வீட்டுக்கு அனுப்ப நடத்திய இடம். அவர்களுடைய மனக்குறை என்ன தெரியுமா? விடுதலை இழுத்துக்கொண்டே போகிறது, வீட்டுக் கடிதம் ஒழுங்காகக் கைக்கு வருவதில்லை. ஒக்டோபர் 24 மாலை அதைக் கேட்டு முகாமுக்குள் ஆர்ப்பாட்டம் செய்தார்கள், முகாம் அதிகாரிகளோடு தகராறு முற்றியது. இரவோடிரவாகச் சுற்றுவட்டாரத்தில் சுவரொட்டி. விடிந்ததும் கத்தியும் பொல்லும் நெருப்புமாக ஆயிரக்கணக்கில் கூட்டம். அங்கே ஆயுதம் தாங்கிய பொலிசார் ஏறத்தாழ 60 பேர் நின்றிருந்தார்கள். 27 பேர் கொல்லப்பட்டார்கள், 14 பேர் காயத்தோடு பிழைத்தார்கள்.

கடிதம் கேட்ட பிள்ளைகள்.

செய்தி பரவியதும் மலையகம் கொதித்தது. தலவாக்கலையில் ஆர்ப்பாட்டம் கலவரமாகி ஊரடங்குச் சட்டம் வந்தது. ஆர்ப்பாட்டம் செய்தவர்களைப் பிடிப்பதில் மட்டும் தாமதம் இருக்கவில்லை.

வழக்கு? நடந்தது, அதுவே இந்த நாட்டில் அரிது. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதற்கு ஒருவர்மேலும் வழக்கு வரவில்லை. பிந்துனுவெவவுக்கு நீதியரசர் குலதிலக்க தலைமையில் ஜனாதிபதி ஆணைக்குழு வந்தது, அதன் அறிக்கை பொதுமக்களுக்கு வெளியிடப்படவில்லை. குற்றப்பத்திரத்தில் 41 பேர். முகாமிலிருந்தவர்களும் 41 பேர்தான் என்ற பொருத்தத்தை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கிறது. 2003 ஜூலை 1, இரண்டு பொலிஸ் அதிகாரிகள் உட்பட ஐவருக்கு மரண தண்டனை. மேன்முறையீடுகளில் எல்லோரும் விடுதலை. கடைசி நால்வரை உயர் நீதிமன்றம் விடுவித்த நாள் 2005 மே 27.

அதற்குச் சரியாக ஒரு மாதம் கழித்து, 2005 ஜூன் 27 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. கொலராடோவில் காசல் ரொக் என்ற ஊர். கிட்டப் போகக்கூடாது என்று நீதிமன்றம் தடுத்துவைத்திருந்த தகப்பன், மூன்று மகள்களையும் தூக்கிக்கொண்டு போய்விட்டான். தாய் பொலிசுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசி எடுத்தாள், நேரிலும் போனாள். பொலிஸ் தேடவில்லை. மூன்று பிள்ளைகளும் பிணமாகக் கிடைத்தார்கள். தாய் தொடுத்த வழக்கில் ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு: நீதிமன்றத் தடையுத்தரவைப் பொலிஸ் அமுல்படுத்தியே ஆகவேண்டும் என்று கேட்க அரசியலமைப்பின் கீழ் அவளுக்கு உரிமை இல்லை. அந்த ஊர் வழக்கு வேறு, இந்த ஊர் வழக்கு வேறு, சட்டப் பிரிவுகளும் வேறு. பொலிஸ் செய்ததற்கு வழக்குப் போட ஆயிரம் வழி இருக்கும், செய்யாமல் நின்றதற்குப் போட்டால் எந்த நாட்டிலும் வழுக்கிவிடுகிறது என்பதுதான் என் கணக்கு.

நியூயோர்க்கில் அட்டிக்கா சிறைக் கைதிகள் 1971இல் மனிதராக நடத்துங்கள் என்று கேட்டு எழும்பியதும், அரசுப் படை சுட்டுக்கொண்டே உள்ளே நுழைந்ததில் 39 பேர் மாண்டதும் பலருக்குத் தெரியும். கைதிகளுக்கு இழப்பீடாக 80 இலட்சம் டொலர் கொடுக்க நியூயோர்க் மாநிலம் ஒத்துக்கொண்ட ஆண்டு எது தெரியுமா? 2000. நமக்குப் பிந்துனுவெவ நடந்த அதே ஆண்டு. 29 வருசம் தாமதம்தான், ஆனால் கொடுத்தார்கள்.

ஜோர்ஜ் ஃப்ளொயிட்டை மினியாபொலிஸ் பொலிஸ்காரர் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்திக் கொன்றதைக் கண்டித்து, 2020 ஜூன் 9 அன்று கொழும்பில் அமெரிக்கத் தூதரகப் பக்கம் ஒரு கூட்டம் கூடியது. கூடியவர்களை இலங்கைப் பொலிஸ் என்ன செய்தது தெரியுமா? இழுத்துத் தூக்கி வாகனத்தில் ஏற்றியது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் கைது. காரணம் நீதிமன்றத் தடையுத்தரவு, கொரோனா.

பண்டாரவளையில் ரியூஷன் விட்டு பஸ்ஸுக்கு நிற்கிற பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஃப்ளொயிட் பேர் தெரியும், மினியாபொலிஸ் தெரியும், கடைசியாக அவர் மூச்சு முட்டுகிறது என்று சொன்னதுகூடத் தெரியும். பிந்துனுவெவ என்றால், பதுளை பஸ்ஸில் ஒரு ஹோல்ட் என்பார்கள்.